எட்டு விநாடி

அண்ணனூர்
8 ஜூன் 2025

அன்புத் தங்கை பவ்யாவுக்கு,

அக்கா எழிலரசி எழுதுவது. இங்கே நான், உன் மாமா, அப்பா மூன்று பேரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. நீயும் உன் வீட்டுக்காரர் கிஷோரும் எப்படி இருக்கிறீர்கள்? புனேயில் மழை பிடித்துவிட்டதா?

இத்தனை வயதில் மெயிலில் கடிதமா என்று சிரிக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை நாம் போனில் போட்ட சண்டையை அப்பா கூடத்தில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசிக்கினா இந்த ஊடு ரெண்டாவுது. இனிமே எழுதிக்கினு தொலைங்க. எழுதறப்போ கையாவது வலிக்கும்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். ரயில்வே கார் ஷெட்டில் முப்பத்திரண்டு வருஷம் தொழிற்சங்கத்தில் இருந்த மனுஷர். மேல் முறையீடு கிடையாது.

சண்டைக்குக் காரணம் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். உனக்கு இவ்வளவு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்ததை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு முன்னால் எதிர்வீட்டு ஜமீலா பார்த்துவிட்டு வந்து, "இன்னாக்கா, தங்கச்சிக்கு வேலை கெட்ச்சதுக்கு சுவீட்டு இல்லியா?" என்று கேட்டாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

போகட்டும். வேலை என்ன என்று விவரமாக எழுது. நான் உன் மாமாவின் இன்டர்நெட் லைன் ஆபீஸில் அதே நாற்காலியில், அதே போனைக் காதில் வைத்துக்கொண்டு "ஹலோ, நெட் வரலையா சார்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் இரண்டு வருஷம் இங்கிலீஷில் கையேடு எழுதியவள் என்பது எனக்கே மறந்துபோகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
எழிலரசி


புனே
14 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். மழை கொட்டுகிறது, துணி காயவில்லை. அப்பாவை மாத்திரை தவறாமல் போடச் சொல். ஸ்டேட்டஸ் விஷயத்தில் தப்பு என்னுடையது, மன்னித்துவிடு.

வேலையைக் கேட்டாய். இது ஏஐ ஏஜென்ட்டுகளுக்கான கருவி. ஏஜென்ட் என்றால் மனுஷர் பக்கத்தில் இல்லாமல் தானே வேலை பார்க்கும் மென்பொருள். பெரிய ஃபைலை எங்கேயாவது அனுப்ப வேண்டுமென்றால், அது முதலில் அந்த லைனில் அப்லோடு வேகம் எவ்வளவு என்று எங்கள் கருவியைக் கொண்டு அளந்து பார்க்கும். அப்புறம் "இத்தனை நிமிடத்தில் போய்ச் சேரும்" என்று கணக்குப் போடும். கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்ற கையேட்டை நான் எழுத வேண்டும். அதைப் படிக்கப்போவது மனுஷர் இல்லை அக்கா, அந்த ஏஜென்ட்டுதான். நான் எழுதுவதை அப்படியே நம்பி அப்படியே செய்யும்.

டிசம்பர் வரை எனக்குத் தகுதிகாண் காலம். கையேடு நன்றாக வந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. மேலாளர் பெயர் ஜஸ்டின், நாகர்கோவில்காரர், தமிழில் திட்டுவார். பயமாக இருக்கிறது. முதல் பக்கத்தை இத்துடன் அனுப்புகிறேன். உன் இங்கிலீஷ் எப்போதும் என்னுடையதைவிட ஒரு படி மேல். கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்.

அன்புத் தங்கை,
பவ்யா


அண்ணனூர்
17 ஜூன் 2025

அன்புள்ள பவ்யா,

எல்லோரும் சுகம். அப்பா மாத்திரை போடுகிறார், போட்டுவிட்டு ஜாங்கிரியும் சாப்பிடுகிறார்.

உன் பக்கத்தைப் படித்தேன். உண்மையைச் சொல்லட்டுமா? அழகாக இருக்கிறது, வேலைக்கு ஆகாது. நம் ஆபீஸில் புதிதாக லைன் வேலைக்கு ஆனந்தன் என்று ஒருவர் சேர்ந்தார். "போய் ஒயர் செக் பண்ணிட்டு வா" என்றேன். போனவர் வரவேயில்லை. சாயங்காலம் பார்த்தால் தெருக்கோடி வரைக்கும் எல்லா வீட்டு ஒயரையும் செக் பண்ணிக்கொண்டிருக்கிறார். "நீ எங்க நிறுத்தணும்னு சொல்லலியேக்கா" என்றார். உன் ஏஜென்ட்டும் அந்த ஆனந்தன்தான்.

"வேகத்தைச் சோதிக்கவும்" என்று மட்டும் எழுதாதே. எத்தனை முறை சோதிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், நிறுத்திவிட்டு யாரிடம் சொல்ல வேண்டும் என்று மூன்றையும் எழுது. முக்கியமாக, விடை சரியாகக் கிடைக்காவிட்டால் "தெரியவில்லை" என்று சொல்ல அதற்கு அனுமதி கொடு. அனுமதி கொடுக்காவிட்டால் மனுஷனே பொய் சொல்வான். இந்த நாலு இடத்துக்கும் வாக்கியங்களை நானே இங்கிலீஷில் எழுதி இணைத்திருக்கிறேன். வேண்டுமானால் எடுத்துக்கொள்.

எழுதும்போது நேரம் போனதே தெரியவில்லை. இரண்டு போன் வந்ததைக்கூட எடுக்கவில்லை, உன் மாமா சத்தம் போட்டார். பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த வேலை இருந்திருந்தால் உன் நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்தேன். யோசித்துப் பயன் என்ன? அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

கிஷோருக்கு விசாரிப்பு.

அக்கா


புனே
2 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காதே.

சந்தோஷமான செய்தி. முதல் பக்கம் ஜஸ்டின் சாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "தெரியவில்லை என்று சொல்ல அனுமதி" என்ற இடத்தை மீட்டிங்கில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். அமெரிக்காவில் இருப்பவர்கள்கூடக் கை தட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இன்னும் ஒரே ஒரு உதவி. கருவியை உன் கணினியில் போட்டு, நம் அண்ணனூர் லைனில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்களிடம் இருப்பதெல்லாம் பெரிய ஆபீஸ் லைன்கள். சின்ன லைன்காரர்களிடம் எப்படி ஓடுகிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எட்டு விநாடி சோதித்தால் போதும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறேன். அது சரியா? உனக்குத்தான் லைனைப் பற்றி எல்லாம் தெரியும். நீ சரி என்று சொன்னால் நான் நிம்மதியாக வெளியிடுவேன். ஜூலை 20 கடைசி நாள்.

அன்புடன்,
பவ்யா


[வரைவு. அனுப்பப்படவில்லை.]

அண்ணனூர்
6 ஜூலை 2025

பவ்யா,

எட்டு விநாடி சரியில்லை. மூன்று தடவை எட்டு விநாடி ஓட்டினேன், மூன்று தடவையும் வேகம் தொண்ணூற்று நாலு எம்பிபிஎஸ் காட்டியது. அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டினேன். முதல் பதினைந்து விநாடி தொண்ணூற்று நாலு, அதற்கப்புறம் விழுந்து பத்தில் வந்து நின்றது. இரண்டு நிமிடம் ஓட்டினாலும் அதே பத்துதான்.

காரணம் எனக்குத் தெரியும். அதை வைத்ததே நான்தான். சின்ன லைன்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் லைனை முழுக்கத் திறந்துவிட்டு, அப்புறம் இறுக்கிவிடுவோம். யாராவது போன் பண்ணி "நெட்டு நவுரவே மாட்டேங்குது" என்று கத்தினால், "ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்க சார்" என்பேன். டெஸ்டில் தொண்ணூறு காட்டும். ஆள் வாயை மூடிக்கொண்டு வைத்துவிடுவார். மனுஷனாவது நாலு நாளில் சந்தேகப்படுவான். உன் ஏஜென்ட் அந்தத் தொண்ணூறை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். குறைந்தது ஒரு நிமிடம் சோதிக்கவேண்டும் என்று எழுது. முதல் இருபது விநாடியைக் கணக்கில் சேர்க்காதே.

மீட்டிங்கில் கை தட்டினார்கள் என்று எழுதியிருந்தாய். "தெரியவில்லை" என்ற இடம் யார் எழுதியது? அதை அங்கே சொன்னாயா? சொல்லியிருந்தால் எனக்கு எழுதியிருப்பாய். கடிதத்தைத் திருப்பித் திருப்பித் தேடினேன், என் இடுப்பு வலிதான் இருக்கிறது, என் பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தில் என் நோட்டைக் காப்பி அடித்தாய், காலேஜில் என் நோட்டைக் காப்பி அடித்தாய். அமெரிக்காக்காரன் கை தட்டும்போது என் கை இங்கே போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கடிதத்தை அனுப்பினால் அதற்கும் உனக்குத்தான் கை தட்டுவார்கள்.


அண்ணனூர்
13 ஜூலை 2025

அன்புள்ள பவ்யா,

நலம், நலமறிய ஆவல். அப்பா நன்றாக இருக்கிறார். கிஷோர் எப்படி இருக்கிறார்? அவர் அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? உனக்குத் தலைமுடி கொட்டுகிறது என்றாயே, வெந்தயம் ஊறவைத்துத் தேய். மழைக்காலத்தில் வெளியே தண்ணீர் குடிக்காதே. துணி காயாவிட்டால் மின்விசிறிக்கு அடியில் கொடி கட்டிக்கொள்.

கருவியை ஓட்டிப் பார்த்தேன். தொண்ணூற்று நாலு காட்டியது. எல்லாம் சரியாக இருக்கிறது.

அக்கா


புனே
21 ஜூலை 2025

என் அக்காவுக்கு,

வெளியிட்டுவிட்டோம்! நீ சரி என்று சொன்னதும்தான் எனக்குத் தூக்கமே வந்தது. முதல் வாடிக்கையாளரே நம் பக்கத்து ஆள். பூந்தமல்லியில் ஒரு ஸ்கேன் மையம். அவர்கள் ஸ்கேன் படங்களைப் பெரிய டாக்டர்களுக்கு அனுப்ப ஏஜென்ட் வைத்திருக்கிறார்கள், அது இனி என் கையேட்டைப் படித்துத்தான் வேலை செய்யும். அப்பாவிடம் சொல், பூந்தமல்லி என்றால் புரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு ஒரு பைத்தானிப் பட்டுப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன், மாம்பழ நிறம்.

பவ்யா


அண்ணனூர்
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பவ்யா,

இங்கு அனைவரும் சுகம். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வேலை அதிகமா? உடம்பு சரியில்லையா? கிஷோருக்கு அப்பா போன் பண்ணினால், "ஆபீஸ்ல பிஸியா இருக்கா மாமா" என்று மட்டும் சொல்கிறார். அப்பா உன் பெயரைச் சொல்லிவிட்டுச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். நான் ஒன்றும் செய்யவில்லை என்றேன்.

பதில் எழுது. இரண்டு வரி போதும்.

அக்கா


அண்ணனூர்
5 அக்டோபர் 2025

பவ்யா,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், சாப்பிடுகிறாயா?

நேற்று உன் மாமா பூந்தமல்லிக்கு லைன் சாமான் வாங்கப் போயிருந்தார். அங்கே லைன் வைத்திருக்கும் அரவிந்தன் சொன்னதை வந்து சொன்னார். "உன் மச்சினிச்சி போன மாசம் இங்க வந்துச்சு மனோகரு. அந்த ஸ்கேன் சென்டர்ல ரெண்டு நாள் குந்திக்கினு லைனை நோண்டினு இருந்துச்சு. அழுதுகினே இருந்துச்சுபா" என்றாராம். பத்து கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு நாள் இருந்திருக்கிறாய், பிறந்த வீட்டுக்கு வரவில்லை. அப்பாவுக்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால் தாங்கமாட்டார்.

நடந்ததையும் அரவிந்தன் சொல்லியிருக்கிறார். சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனாரைத் தலையில் அடியோடு கொண்டுவந்தார்களாம். படம் ஐந்து நிமிடத்தில் பெரிய டாக்டருக்குப் போய்விடும் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறது. அதை நம்பி வேறு வழி எதுவும் பார்க்கவில்லை. ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருக்கிறது. எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று டாக்டர் சொல்லும் வரை, அத்தனை நேரமும் அந்த ஆள் ஆம்புலன்ஸிலேயே கிடந்திருக்கிறார். பிழைத்துவிட்டார், வீட்டுக்கும் போய்விட்டார் என்று இரண்டு பேரிடம் விசாரித்துக்கொண்டேன். அதற்கப்புறம்தான் எனக்குத் தண்ணீர் இறங்கியது.

பவ்யா, எட்டு விநாடி போதாது என்று எனக்கு ஜூலை ஆறாம் தேதியே தெரியும். கடிதம்கூட எழுதினேன், அனுப்பவில்லை. இதை வெளியில் சொன்னால் நம் லைனில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் டெஸ்ட் போட்டு வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிவிடுவார்கள், அதனால் சொல்லவில்லை என்று நான் சொல்லிக்கொள்ளலாம். உன் மாமாவிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அது பொய். நான் உன் மேல் பொறாமைப்பட்டேன். நீ ஒரு தடவை சறுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். யாரோ ஒரு கொத்தனார் குறுக்கே வருவார் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அனுப்பியிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அனுப்பியிருப்பேன் என்றுதான் நம்புகிறேன்.

உன் ஜஸ்டின் சாரிடம் என் பெயரைச் சொல். சரிபார்த்தவள் நான், தெரிந்தே சரி என்று சொன்னேன் என்று சொல். உன் வேலை போகக்கூடாது.

எழிலரசி


புனே
2 நவம்பர் 2025

அக்கா,

உன் கடிதம் வந்து நாலு வாரம் ஆகிறது. தினமும் பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன்.

நீ சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். எங்கள் கருவி ஒவ்வொரு சோதனைக்கும் எங்கள் பக்கம் ஒரு வரி எழுதி வைக்கும். எந்த ஊர், என்ன தேதி, எத்தனை விநாடி, என்ன வேகம். ஸ்கேன் மையத்தில் ஏன் தப்பு நடந்தது என்று பழைய வரிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி அண்ணனூர் கண்ணில் பட்டது, ஜூலை ஆறாம் தேதி ஓட்டிய வரிகள். எட்டு விநாடி மூன்று முறை. அறுபது விநாடி ஒரு முறை, பத்து. நூற்றிருபது விநாடி ஒரு முறை, பத்து. "எல்லாம் சரியாக இருக்கிறது" என்ற உன் கடிதத்தைப் பக்கத்தில் திறந்து வைத்தேன். வெந்தயம், கொடி, கண் ஆபரேஷன். நீ எனக்கு இவ்வளவு அக்கறையாக எழுதியதே இல்லை அக்கா. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பூந்தமல்லி வரை வந்தேன். அண்ணனூர் பஸ்ஸுக்காக நின்றேன். உன்னைப் பார்த்தால் அடித்துவிடுவேன் என்று தோன்றியது, திரும்பிவிட்டேன்.

உன் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை. "லைனில் ஓட்டிப் பார்த்த வரிகள் என்னிடமே இருந்தன, நான் படிக்கவில்லை" என்று சொன்னேன், அதுவும் உண்மைதான். தகுதிகாண் காலத்தை மார்ச் வரை நீட்டியிருக்கிறார்கள். தங்கச்சி பெருந்தன்மையாக அக்காவைக் காப்பாற்றினாள் என்று நீ நினைத்துவிடப்போகிறாய். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதியே ஆகவேண்டும்.

உன்னைக் காப்பாற்ற நான் மறைக்கவில்லை. அக்கா பெயரைச் சொன்னால், "அக்கா வேறு எதையெல்லாம் பார்த்தாள்?" என்று கேட்பார்கள். மீட்டிங்கில் வாசித்த அந்த வரிகள் உன்னுடையவை என்று தெரிந்துவிடும். கை தட்டியது எனக்கில்லை என்று ஆகிவிடும். அதற்காக மறைத்தேன்.

ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள் டீச்சர், "எழிலரசி தங்கச்சியா நீ?" என்று கேட்டார். பன்னிரண்டாம் வகுப்பு வரை எனக்கு அதுதான் பெயர். நீ எழுதுவதை நிறுத்திவிட்டு லைன் ஆபீஸுக்குப் போனபோது எல்லோரும் வருத்தப்பட்டார்கள். நானும் வருத்தப்பட்ட மாதிரி இருந்தேன்.

பவ்யா


அண்ணனூர்
9 நவம்பர் 2025

அடியே பவ்யா,

நாங்கள் சுகம். அப்பாவுக்கு லேசாகச் சளி, கஷாயம் கொடுத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு நாள் எடுத்து எடுத்துப் படித்தேன். மூன்றாம் நாள் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷமாக இந்த வீட்டில் நான் ஒருத்திதான் வெந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

சிரித்துவிட்டேன் என்பதற்காக விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. என் வரிகளை எனக்குக் கொடு. ஜஸ்டின் சாரிடம் போய் எது யாருடையது என்று சொல். நான் சொன்ன பொய்யையும் சொல். இத்துடன் ஒரு புதுப் பக்கம் இணைத்திருக்கிறேன். சின்ன லைன்காரர்கள் ஆரம்பத்தில் லைனைத் திறந்துவிட்டு எப்படி ஏமாற்றுகிறார்கள், எத்தனை விநாடி, அதை ஏஜென்ட் எப்படிக் கண்டுபிடிப்பது என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். நானே செய்தது, எனக்குத் தெரியாததா? அதன் கீழே என் பெயர் இருக்க வேண்டும்.

உன் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இன்னாமே, நம்ம சோத்துல நீயே மண்ணள்ளிப் போட்டுக்கறியே? ஜனங்க பார்த்தா ஒரு பய நம்ம லைன்ல இருப்பானா?" என்று குதித்தார். "அப்போ லைனை ஒழுங்காக் குடு" என்றேன். மூன்று நாளாகப் பேச்சு இல்லை. ஆனால் நேற்று திருமுல்லைவாயல் பக்கத்து வீடுகளுக்கு அந்தத் திறப்பை எடுத்துவிட்டார் என்று ஆனந்தன் சொன்னார். நாள் முழுக்க எனக்குப் போன் வந்துகொண்டே இருந்தது, எல்லாம் திட்டுதான். ஒவ்வொருவரிடமும் "ஆமாம் சார், முன்னாடி காட்டினது பொய்தான்" என்றேன். நாலு பேர் வேறு லைனுக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் கொத்தனார் காட்டுப்பாக்கத்தில் இருக்கிறார், பெயர் அய்யாசாமி. போய்ப் பார்த்தேன். யார் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அதைக் குடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

எழிலரசி


புனே
30 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அப்பாவின் சளி எப்படி இருக்கிறது? மாமா பேச ஆரம்பித்துவிட்டாரா?

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜஸ்டின் சார் முழுசாகக் கேட்டார். நீ பொய் சொன்னதற்கு, "உங்க அக்காளுக்கு என்ன கொழுப்பு பாத்தியா" என்றார். உன் வரிகளை நான் எடுத்துக்கொண்டதற்குச் சொன்னதை எழுத மாட்டேன். உன் புதுப் பக்கம் வெளியாகிவிட்டது, கீழே உன் பெயர் இருக்கிறது. இப்போது எல்லா ஏஜென்ட்டும் ஒரு நிமிடம்தான் சோதிக்கிறது. ஸ்கேன் மையமும் எங்களை விட்டுப் போகவில்லை.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஜஸ்டின் சார், "உன்னைவிட உன் அக்கா நல்லா எழுதுதா" என்றார். எல்லோர் முன்னாலும். வயிறு எரிந்தது அக்கா. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன், அப்போதும் எரிந்தது.

மார்ச்சில் ஒரே ஒரு நிரந்தர இடம்தான் இருக்கிறது. அது எனக்கு என்று இருந்தது. இப்போது அதற்கு எழுத்துத் தேர்வு வைக்கப்போகிறார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமாம். உன்னையும் விண்ணப்பிக்கச் சொல்லி ஜஸ்டின் சார் என் கையில் அழைப்பைக் கொடுத்தார். கொடுத்து ஆறு நாள் ஆகிறது. "அக்காவுக்கு விருப்பமில்லையாம்" என்று சொல்லிவிடலாம் என்று நாலு நாள் யோசித்தேன். ஐந்தாம் நாள் அப்படியே ஒரு மெயில் எழுதினேன், அனுப்பவில்லை. இத்துடன் அழைப்பை இணைத்திருக்கிறேன். கடைசித் தேதி டிசம்பர் 5.

நீ போட்டால் உனக்குத்தான் கிடைக்கும். தெரிந்துதான் அனுப்புகிறேன்.

பவ்யா


அண்ணனூர்
3 டிசம்பர் 2025

என் தங்கை பவ்யாவுக்கு,

அனைவரும் சுகம். அப்பாவுக்குச் சளி போய்விட்டது. உன் மாமா பேசுகிறார், "சோறு போடு" என்ற அளவில்.

"வயிறு எரிந்தது" என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை நாலு தடவை படித்தேன். கடவுள் மன்னிக்கட்டும், அன்றைக்கு எனக்கு நல்ல பசி. இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்று நாளாக யோசித்தேன். மூத்தவள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். விட்டுக்கொடுத்துவிட்டு, உன்னைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டே சாவதற்கு நான் தயாராக இல்லை. அப்படி இருந்தால் அடுத்த தடவையும் உன் பக்கத்தில் தப்பைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வேன். எனக்கு என்னைத் தெரியும். எனக்கு அந்த வேலை வேண்டும் பவ்யா. பத்து வருஷமாக வேண்டும்.

உன் விண்ணப்பத்தோடு வைக்கும் மாதிரிப் பக்கத்தை எனக்கு அனுப்பு. இன்றைக்கே பார்த்து, தப்பு இருந்தால் ஒன்று விடாமல் சொல்கிறேன். என்னுடையதையும் உனக்கு அனுப்புகிறேன், நீயும் சொல். அப்புறம் யாருக்குக் கிடைக்கிறதோ கிடைக்கட்டும். கிடைக்காதவளுக்கு எரியும், எரிந்துவிட்டுப் போகட்டும்.

நான் என் விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. உனக்குச் சொல்லிவிட்டு அனுப்பலாம் என்று இருக்கிறேன். சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உன் அக்கா எழிலரசி